சூரத் கோர்ட்டில் போட்ட பண வழக்கை ஈரோட்டுக்கு மாற்ற முடியுமா? செலவு யார் தலையில் விழும்?

சேலைக்கடை_ஈரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் சின்ன அளவில் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். கணவர் தவறிய பிறகு ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது. சூரத்தில் ஒரு பார்ட்டியிடம் பல வருடமாக சிந்தெடிக் சேலை எடுத்து வந்தோம். கடைசியாக வந்த சரக்கில் இரண்டு பேல் (பெரிய கட்டு) முழுக்க சாயம் போகிற சரக்கு. போட்டோ, வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஏஜென்ட், "ரிட்டர்ன் போட்டு விடுங்க அக்கா, கணக்கில் கழித்துக்கொள்வார்கள்" என்றார். லாரி ஆபீஸில் புக் செய்து அனுப்பினேன், எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி இருக்கிறது. அவர்கள் அந்த பேலை எடுக்கவே இல்லை.

இப்போது முழு பில் தொகை 7,84,000 ரூபாயும் வட்டியும் கேட்டு சூரத்தில் வழக்கு போட்டிருக்கிறார்கள். ஜூன் 9 அன்று சம்மன் கையில் வாங்கினேன். போன வருடக் கடைசியில் சூரத் சட்டப்பணிகள் ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குஜராத்தியில் இருந்ததால் என்னவென்று புரியவில்லை. கெட்ட பேலைக் கழித்தால் நான் தரவேண்டியது 5,10,000 ரூபாய் மட்டும்தான். அதை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

பில்லின் அடியில் "சூரத் அதிகார வரம்புக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருக்கிறது. நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. சரக்கு இறங்கியது ஈரோட்டில், பார்த்தவர்கள் எல்லோரும் ஈரோட்டுக்காரர்கள். என் தோழி ஒருத்தியின் விவாகரத்து வழக்கை வட இந்தியாவிலிருந்து இங்கே மாற்றிக் கொடுத்தார்கள். அதுபோல என் வழக்கையும் ஈரோட்டுக்கு மாற்றலாமா? எங்கே மனு போடவேண்டும்? வாய்தாவுக்கு வாய்தா சூரத் போய் வருகிற செலவு, வக்கீல் பீஸ் எல்லாம் கடைசியில் யார் தருவார்கள்? மாற்றல் மனு முடியும் வரை சூரத் கோர்ட்டில் ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடையையும் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜவுளிமணி எழுதியது:

அக்கா, சரக்கு இறங்கினது நம்ம ஊர், ஆள் நம்ம ஊர். அங்கே நீங்கள் ஏன் போகணும்? சென்னை ஹைகோர்ட்டில் ஒரு டிரான்ஸ்பர் மனு போட்டுவிடுங்கள். அதுவரை அந்த சம்மனைக் கண்டுகொள்ளாதீர்கள். நாம் போய் நின்றாலே அந்தக் கோர்ட்டை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று என் நண்பர் சொன்னார்.

கோவை_வக்கீல் எழுதியது:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் அம்மா. குஜராத்தில் இருக்கிற வழக்கைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. குஜராத் உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) 23(3) பிரிவைப் படித்துவிட்டு, வழக்கு நடக்கிற மாநில உயர் நீதிமன்றம் மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு என்றால் 25-ம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் மட்டும்தான் என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்குள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டம் என்றால்தான் 24-ம் பிரிவில் நம் உயர் நீதிமன்றம், ஒரே மாவட்டத்துக்குள் என்றால் மாவட்ட நீதிமன்றம். சம்மனில் வணிக வழக்கு என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலையில் இருக்கிறேன், விவரமாக மற்றவர்கள் எழுதட்டும்.

சேலம்_குமாஸ்தா எழுதியது:

அம்மா, நான் சேலத்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஆயுசு முழுக்க குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். வெளியூர் வழக்குகளில் கட்டு கட்டிக்கொண்டு ஓடியதுதான் என் வேலை. உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாற்றல் மனுவை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஜூன் 9-ல் சம்மன் வாங்கினீர்கள். சரக்கு விற்ற பணத்துக்கான வழக்கு, தொகை 3 லட்சத்துக்கு மேல். அதனால் இது வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும் வழக்காகத்தான் இருக்கும். போன வருடம் வந்த கடிதமும் அதைத்தான் காட்டுகிறது. அவசர உத்தரவு கேட்காத வணிக வழக்கு என்றால் போடுவதற்கு முன்பு சமரசத்துக்கு அழைக்கவேண்டும், அந்த அழைப்புதான் அது. இந்த வகை வழக்கில் பதிலுரை (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தருகிற பதில்) தாக்கல் செய்ய 30 நாள். அது ஜூலை 9 அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு காரணம் சொல்லி, கோர்ட் போடுகிற செலவுத்தொகையைக் கட்டி, மொத்தம் 120 நாள் வரை அனுமதி வாங்கலாம். உங்கள் கணக்கில் அது அக்டோபர் 7. அந்த நாள் தாண்டினால் நீதிபதி நினைத்தாலும் பதிலுரையை வாங்கமுடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. வேறு மனு நிலுவையில் இருந்தது என்பதும் அங்கே எடுபடவில்லை. சாதாரண சிவில் வழக்கில் 90 நாள் தாண்டினாலும் தக்க காரணம் இருந்தால் இரக்கம் காட்ட இடம் உண்டு, இதில் அது கிடையாது.

டெல்லியில் மனு போட்டு, நோட்டீஸ் போய், எதிர்த்தரப்பு வந்து சேர்வதற்குள் அக்டோபர் போய்விடும். தடை உத்தரவு கிடைக்கும் என்று நம்பி உட்காரவேண்டாம். பதிலுரை இல்லாவிட்டால் உங்கள் சாயம் போன பேல், எல்.ஆர். காப்பி, வாட்ஸ்அப் எதுவும் நீதிபதி கண்ணுக்கே போகாது. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். அப்புறம் அந்த டிகிரியை (தீர்ப்பாணையை) 39-ம் பிரிவில் ஈரோடு கோர்ட்டுக்கே அனுப்பி, இ.பி. (நிறைவேற்றுதல் மனு) போட்டு உங்கள் கடையை ஜப்தி செய்யக் கேட்பார்கள். வழக்கை ஈரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு, டிகிரி ஈரோட்டுக்கு வந்து சேர்ந்த கதையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஜவுளிமணி தம்பி சொன்ன பயம் பலருக்கும் இருக்கிறது. போய் நின்றால் கோர்ட்டை ஒத்துக்கொண்டதாக ஆகாது. சி.பி.சி. 21-ம் பிரிவு சொல்வது, எல்லை (எந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரம் என்பது) பற்றிய ஆட்சேபனையை முதல் வாய்ப்பிலேயே எழுப்பவேண்டும், எழுவினா வனைவதற்கு (கோர்ட் தீர்க்கவேண்டிய கேள்விகளை எழுதிவைப்பதற்கு) முன்பாவது எழுப்பவேண்டும் என்பதுதான். பதிலுரையிலேயே முதல் பத்தியாக அதைப் போட்டுவிட்டு, கீழே வழக்கு விஷயத்துக்கும் பதில் சொல்லலாம். எங்கள் சீனியர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

அந்த ஆட்சேபனை ஜெயிக்குமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 20-ம் பிரிவுப்படி பிரதிவாதி இருக்கிற ஊரிலும் போடலாம், வழக்கு மூலத்தில் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளில்) ஒரு பகுதி நடந்த ஊரிலும் போடலாம். பில் போட்டது, சரக்கு ஏற்றியது, பணம் போய்ச் சேரவேண்டியது எல்லாம் சூரத். ஆகவே அந்தக் கோர்ட்டுக்கு எல்லை இல்லை என்று சொல்வது கஷ்டம். பில்லில் இருக்கிற அந்த ஒரு வரியை நினைத்து நீங்கள் ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். அந்த வரி இல்லாவிட்டாலும் சூரத்தில் போட்டிருக்கலாம். நீங்கள் ஈரோட்டில் வழக்கு போட்டால்தான் அந்த வரி குறுக்கே வரும்.

இந்த வரி பற்றிய பெரிய தீர்ப்பே எங்கள் ஊர் வழக்கில்தான் வந்தது. சேலத்து வியாபாரிகள் குஜராத்தின் ஏபிசி லேமினார்ட் கம்பெனியிடம் மெட்டாலிக் நூல் வாங்கி, தகராறாகி, சேலம் சப் கோர்ட்டில் வழக்கு போட்டார்கள். கம்பெனி "கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டது" என்ற வரியைக் காட்டியது. அதில் "மட்டும்" என்ற மாதிரி சொல் இல்லை, சேலத்திலும் வழக்கு மூலம் இருக்கிறது, ஆகவே சேலம் கோர்ட் விசாரிக்கலாம் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு எங்கள் ஊர் வக்கீல்களிடையே அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் (Swastik Gases) கம்பெனி வழக்கில் மூன்று நீதிபதிகள், "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் ஒரு ஊரைக் குறிப்பிட்டிருந்தால் மற்ற ஊர்களை விலக்கவே எண்ணினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கையெழுத்து இல்லாத பில்லில் அச்சடித்த வரி ஒப்பந்தமே ஆகாது என்று நீங்கள் வாதாடலாம், அதற்கு இடம் இருக்கிறது. அதை நம்பி முழு வழக்கையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. வணிக நீதிமன்றம் "எனக்கு எல்லை உண்டு" என்று இடையில் உத்தரவு போட்டால், அதை எதிர்த்து சீராய்வு மனு போட அந்தச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கடைசித் தீர்ப்பை எதிர்க்கும் அப்பீலில்தான் அதைக் கிளப்பமுடியும்.

சரி, மாற்றல் மனு. உங்கள் தோழியின் வழக்கும் உங்களுடையதும் ஒன்றல்ல. விவாகரத்து வழக்கில் மனைவியின் சிரமத்துக்கு உச்ச நீதிமன்றம் பெரிய மதிப்பு கொடுக்கும். வியாபார வழக்கில் வாதி சட்டப்படி தேர்ந்தெடுத்த கோர்ட்டை லேசில் மாற்றமாட்டார்கள். எனக்குத் தூரம், அவருக்குப் பக்கம் என்பது மட்டும் போதாது என்று 1979-லேயே இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தில் இரண்டு ஊரில் இரண்டு வழக்கு நடந்து முரணான தீர்ப்பு வர வாய்ப்பு, அந்த ஊரில் நியாயமாக நடத்தமுடியாத நிலைமை, இப்படி பலமான காரணம் வேண்டும். சாட்சிகள் எல்லாம் ஈரோடு என்பதும் மொழியும் உங்கள் பக்கம் இருக்கிற வாதங்கள். ஆனால் அவர்கள் கணக்குப் புத்தகம் குஜராத்தியில் இருந்தால் அதே மொழிவாதம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். அற்பமான மனு என்று தள்ளுபடி செய்தால் 2,000 ரூபாய் வரை எதிர்த்தரப்புக்கு நஷ்ட ஈடு தரச் சொல்ல 25(4)-ல் இடம் உண்டு. அந்தத் தொகை பெரிதில்லை, டெல்லி வக்கீல் பீஸ்தான் பெரிசு. வக்கீல் வைப்பதானால் உச்ச நீதிமன்றத்தில் பதிவு பெற்ற வக்கீல் மூலமாகத்தான் மனு போடவேண்டும்.

ஆனாலும் நீங்கள் மனு போடத் தீர்மானித்தால், பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1987-ம் வருடச் சட்டம், 12-ம் பிரிவு. உச்ச நீதிமன்ற சட்டப்பணிக் குழுவுக்கு எழுதலாம். சூரத்தில் வக்கீல் வைக்கவும் அந்த மாவட்ட ஆணையத்திடம் கேட்கலாம். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், உங்களுக்கு இருக்கிறது. இதைக் கேட்க யாரும் கூச்சப்படக்கூடாது.

செலவு பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

சேலம்_குமாஸ்தா எழுதியது:

செலவு விஷயம். சாதாரண சிவில் வழக்கில் 35-ம் பிரிவுப்படி செலவு என்பது நீதிபதியின் விருப்புரிமை. ஜெயித்தவருக்குச் செலவு இல்லை என்றால் காரணம் எழுதவேண்டும். நடைமுறையில் டிகிரியின் அடியில் ஒரு பட்டியல் போடுவார்கள்: கோர்ட் பீஸ், வக்காலத்து ஸ்டாம்பு, சம்மன் படி, விதிப்படியான வக்கீல் கட்டணம். நிஜத்தில் செலவழித்ததில் சின்னப் பங்குதான் அது. 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் (இதுவும் எங்கள் ஊர்தான்) போக்குவரத்து, தங்கும் செலவு, செலவான நேரம் எல்லாம் சேர்த்து நியாயமான உண்மைச் செலவைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. கீழ்க் கோர்ட்டுகளில் அது முழுசாக நடைமுறைக்கு வரவில்லை என்பது என் வருத்தம்.

வணிக வழக்கில் 35-ம் பிரிவையே மாற்றி எழுதிவிட்டார்கள். தோற்றவர் தரவேண்டும் என்பதுதான் பொது விதி. வக்கீல் பீஸ், சாட்சிச் செலவு, மற்ற செலவு எல்லாம் அதில் வரும். பொய் வழக்குக்கான 35-ஏ பிரிவில் இருந்த 3,000 ரூபாய் உச்சவரம்பும் வணிக வழக்கில் கிடையாது. அப்படியானால் இதையும் யோசியுங்கள்: கஷ்டப்பட்டு வழக்கை ஈரோட்டுக்கு மாற்றி, கடைசியில் முழுசாகத் தோற்றால், அவர்கள் சூரத்திலிருந்து வந்துபோன செலவையும் உங்களிடம் கேட்பார்கள். மாற்றல் கிடைத்தது என்பதற்காகச் செலவு பொறுப்பு இடம் மாறாது.

அதே பிரிவில் உங்களுக்கு உதவுகிற ஒன்றும் இருக்கிறது. செலவைத் தீர்மானிக்கும்போது இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தையும், நியாயமான சமரசத் தொகையை ஒருவர் முன்வைத்து மற்றவர் காரணமில்லாமல் மறுத்தாரா என்பதையும் கோர்ட் பார்க்கும். நீங்கள்தான் 5,10,000 ரூபாய் தரவேண்டும் என்று ஒத்துக்கொள்கிறீர்களே. அதை வாயால் சொல்லிப் பயன் இல்லை. சி.பி.சி. ஆர்டர் 24 என்று ஒன்று இருக்கிறது, நிறைய வக்கீல்களே எடுத்துப் பார்ப்பதில்லை. பிரதிவாதி தான் தரவேண்டியது என்று நினைக்கிற தொகையைக் கோர்ட்டில் டெபாசிட் செய்யலாம். வாதிக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. வாதி அதைப் பகுதிப் பணமாக மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக்கு வழக்கை நடத்தினால், கடைசியில் டெபாசிட் செய்ததே முழுத் தொகை என்று கோர்ட் முடிவு செய்தால், அதற்குப் பிறகான வழக்குச் செலவை வாதிதான் தரவேண்டும். உங்கள் சூரத் செலவைத் திரும்ப வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே தடவையில் கட்டமுடியுமா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. கடன் வாங்கிக் கட்டுவதானால் வட்டியைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கட்டும்போது டெபாசிட் தேதி வரைக்குமான வட்டியையும் சேர்த்துக் கட்டச் சொல்லி வக்கீல் கணக்குப் போடட்டும்.

மதுரைக்காரி எழுதியது:

ஐயா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் பாத்திரக் கடை மேல் மும்பையில் வழக்கு. மாற்றல் மனு போடவே இல்லை. அங்கே ஒரு வக்கீலுக்கு வக்காலத்தை இங்கிருந்து கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினோம். பெரும்பாலான வாய்தாவுக்குக் கட்சிக்காரர் போகவே தேவையில்லை, வக்கீல் நின்றால் போதும். தூரத்தில் இருக்கிற சாட்சிகளை நேரில் வரச் சொல்லவும் சட்டத்தில் எல்லை இருக்கிறது. ரயில், பஸ் வசதி இருந்தால்கூட 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரை, விமான வசதி இருந்து அந்தக் கட்டணத்தைக் கொடுத்தாலொழிய, கட்டாயப்படுத்தமுடியாது. எங்கள் கடைப் பையன் சாட்சியத்தை ஆர்டர் 26-ல் கமிஷன் போட்டு (கோர்ட் நியமிக்கிற கமிஷனர் மூலம்) மதுரையிலேயே பதிவு செய்தார்கள். கமிஷனர் பீஸ் நாங்கள் கட்டினோம், கடைசியில் செலவுப் பட்டியலில் அதைச் சேர்த்து வாங்கினோம். ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள் அக்கா. அங்கிருக்கிற வக்கீல் என்ன செய்கிறார் என்று எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணை (வழக்கின் அடையாள எண்) இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுத் தினமும் பார்ப்பேன்.

சேலைக்கடை_ஈரோடு எழுதியது:

எல்லோருக்கும் கோடி நன்றி. சம்மனை எடுத்துப் பார்த்தேன், வணிக வழக்கு என்றுதான் இருக்கிறது. சூரத்தில் நமக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் மூலமாக வக்கீல் பிடித்துவிட்டேன். மாற்றல் மனுவை இப்போது போடப்போவதில்லை. இரண்டு சந்தேகம். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப் மட்டும் போதுமா? கெட்ட பேலுக்காக நான் தனியாக ஈரோட்டில் வழக்கு போடலாமா?

சேலம்_குமாஸ்தா எழுதியது:

நல்ல முடிவு அம்மா. தனியாக ஈரோட்டில் போட்டால் அந்தப் பில் வரி, 10-ம் பிரிவுத் தடை (ஒரே விஷயத்தில் பின்னால் போட்ட வழக்கை நிறுத்திவைப்பது) என்று இரண்டு சண்டை கூடும், இரண்டு வக்கீலுக்குப் பீஸ் கொடுக்கவேண்டும். பேல் மதிப்பைக் கழிக்கவும், லாரி வாடகை போன்ற நஷ்டம் இருந்தால் அதைக் கேட்கவும் பதிலுரையோடு சேர்த்தே எதிர்க்கோரிக்கை வைக்கலாம். அதற்குக் கோர்ட் பீஸ் உண்டு, ஜெயித்தால் அதுவும் செலவில் வரும்.

வாட்ஸ்அப் செல்லும். ஆனால் பாரதிய சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுச் சான்று (மின்னணு ஆதாரத்துக்கான சான்று) சேர்க்கவேண்டும். அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். வணிக வழக்கில் ஆவணங்களைப் பதிலுரையோடேயே தாக்கல் செய்யவேண்டும், பிறகு கொண்டுவந்தால் கோர்ட் அனுமதி கேட்டு நிற்கவேண்டிவரும். எல்.ஆர். காப்பி, லாரி ஆபீஸில் அந்தப் பேல் இன்னும் கிடக்கிறது என்பதற்கு அவர்களிடமிருந்து ஒரு கடிதம், ரிட்டர்னுக்குப் போட்ட ஜிஎஸ்டி பதிவு, எல்லாம் இப்போதே சேருங்கள். பிராதில் (அவர்கள் போட்ட வழக்கு மனுவில்) சொன்ன ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதவேண்டும், மொத்தமாக "எல்லாம் பொய்" என்று எழுதினால் மறுத்ததாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உண்மை உறுதிமொழியை ஈரோட்டு நோட்டரி முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

அக்டோபர் வரை காத்திருக்கவேண்டாம். இந்த மாதத்துக்குள் தாக்கல் செய்து, தாக்கல் எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள் தாண்டியதற்கு குஜராத்தி மொழி புரியாதது, வக்கீல் தேடியது இரண்டையும் காரணமாக மனுவில் எழுதச் சொல்லுங்கள், அதற்குப் போடுகிற செலவுத்தொகையை அன்றைக்கே கட்டிவிடச் சொல்லுங்கள்.